காப்பெஸ்தேர்: கரீபியச் சந்தையூர் ஒன்றில் தமிழ்ப் பேச்சின் எச்சங்கள்

முன்னுரை

தமிழர் புலம்பெயர்வைப் பற்றிப் பேசும்போது மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, மொரிசியசு, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளே நம் நினைவுக்கு முதலில் வருகின்றன. கரீபியக் கடலில் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட தீவுகளுக்குத் தமிழர் சென்ற வரலாறு நம்மிடையே அவ்வளவாக அறியப்படவில்லை. அங்குள்ளவர்கள் இன்று தமிழ் பேசுவதில்லை என்பது இதற்கு ஒரு காரணமாகலாம். மொழி இல்லாத இடத்தில் தமிழராய்ச்சிக்கு என்ன வேலை என்ற எண்ணம் இயல்பாகவே எழுகிறது.

அவ்வெண்ணம் சரியானதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். குவாதலூப் தீவிலுள்ள காப்பெஸ்தேர் என்னும் சிறிய சந்தையூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சுற்றிப் பார்க்கும் தமிழர் ஒருவர் அங்கே எவற்றைக் காணலாம், அவற்றை எவ்வாறு புரிந்துகொள்ளலாம் என்பது இங்கு விளக்கப்படுகிறது. அதன்வழி, ஒரு மொழி எப்படி மறைகிறது, மறைந்த பின்னும் எங்கே தங்குகிறது என்ற வினாக்களுக்கு விடை காண முயல்வோம். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களாகிய நமக்கு இவ்வினாக்கள் தொலைவிலுள்ளவை அல்ல.

ஊரும் வழியும்

குவாதலூப், சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியைப் போன்ற வடிவமுடையது. அதன் மேற்குச் சிறகு பாஸ்தேர் எனப்படும் மலைப்பகுதி. அதன் கிழக்குக் கரையில், புவான்தப்பீத்ர் நகரிலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் காப்பெஸ்தேர் அமைந்துள்ளது. இருபதாயிரத்திற்கும் குறைவான மக்கள் வாழும் ஊர் இது. காற்று வந்து மோதும் கிழக்குப் பக்கத்துக் கரையைக் குறிக்கும் பழைய கடலோடிகளின் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. 'அழகிய நீர்' எனப் பொருள்படும் 'பெல் ஓ' என்னும் அடைமொழியும் ஊர்ப்பெயருடன் சேர்ந்துள்ளது. கடற்காற்று கொண்டுவரும் மேகங்கள் மலையில் மோதி மழையாகப் பொழிவதால் ஆறுகளுக்கும் அருவிகளுக்கும் இங்குக் குறைவில்லை.

வடக்கிலிருந்து வரும் சாலையில் முதலில் சேன்த் மரி என்னும் கடலோரச் சிற்றூர் எதிர்ப்படுகிறது. 1493 நவம்பர் 4ஆம் நாள் கொலம்பசு தம் இரண்டாம் பயணத்தின்போது இத்தீவில் இறங்கிய நிகழ்ச்சியை நினைவுகூரும் சின்னம் ஒன்று அங்கு உள்ளது. அதனைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் சாலையோரத்தில் தென்னிந்திய முறையில் வண்ணச் சிலைகள் அணிசெய்யும் கோயில் ஒன்று தோன்றும். ஷாங்ஜி என்னும் இடத்திலுள்ள மாரியம்மன் கோயில் அது. ஐரோப்பியரின் வருகையைச் சுட்டும் சின்னமும் தமிழரின் வருகையைச் சுட்டும் கோயிலும் ஒரே சாலையில் இவ்வளவு அருகருகே இருப்பது இப்பகுதியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வரலாற்றுக்குத் தனிச் சின்னம் தேடவேண்டியதில்லை. ஊர் மக்களில் பெரும்பாலோர் அவர்களுடைய வழித்தோன்றல்களே.

சந்தையில் காண்பவை

சந்தைக்குச் செல்பவர்க்கு முதலில் புலப்படுவது அதன் பொருள்களின் நெருக்கமே ஆகும். பெருவள்ளிக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு, ஈரப்பலா, சௌசௌ, வாழை, மிளகாய் என நமக்கு நன்கு அறிமுகமான பொருள்களே குவிந்திருக்கும். இலவங்கப்பட்டை, சாதிக்காய், வனிலா ஆகியவையும் விற்பனைக்கு உண்டு. மரவள்ளி மாவில் சுட்ட 'காசாவ்' என்னும் தட்டை ரொட்டி, கொலம்பசுக்கு முன்பே அத்தீவில் வாழ்ந்த பழங்குடி மக்களின் உணவாகும்.

இவற்றுக்கிடையே மஞ்சள் நிறப் பொடி ஒன்று சிறு பொட்டலங்களில் விற்கப்படுவதைக் காணலாம். அதன் பெயர் 'கொலொம்போ'. மஞ்சள், கொத்தமல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மிளகு ஆகியவற்றை இடித்துச் செய்யும் இப்பொடி நம் வீட்டு மசாலைத் தூளிலிருந்து வேறுபட்டதன்று. இப்பொடியிட்டு ஆட்டிறைச்சியையோ கோழியையோ சமைக்கும் கறிக்கும் அதே பெயர்தான். குவாதலூப் மக்கள் அனைவரும், அவர்களின் முன்னோர் எக்கண்டத்திலிருந்து வந்தவராயினும், தங்கள் நாட்டு உணவு என்று பெருமையுடன் கூறுவது இக்கறியையே. இலங்கைப் பெருநகர் ஒன்றின் பெயர் இதற்கு எவ்வாறு வந்தது என்று வியப்பவர் உண்டு. ஆனால், இது நகரின் பெயரன்று. 'குழம்பு' என்னும் தமிழ்ச்சொல்லின் திரிபே என்னும் விளக்கம்தான் பொருந்துகிறது.

சந்தைப் பெண்கள் சிலர் தலையில் கட்டியிருக்கும் கட்டம்போட்ட துணிக்கு 'மத்ராஸ்' என்று பெயர். இது சென்னைத் துறைமுகத்தின் வழியாக ஏற்றுமதியான பருத்தித்துணியின் நினைவாகும். ஆயினும், இதனைத் தமிழர்கள் கொண்டுவந்ததாக எண்ணுவது தவறு. தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேறுவதற்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டிலேயே, வணிகத்தின் வழியாக இத்துணி கரீபியத் தீவுகளை அடைந்துவிட்டது. நெய்தவர்களின் கைவண்ணம் முன்னே சென்றது. உழைப்பவர்களின் கைகள் பின்னே சென்றன. சந்தையில் காணும் எல்லாவற்றையும் ஒரே காலத்தில் ஒரே வழியில் வந்தவையாகக் கொள்ளாமல் இருப்பது ஆய்வாளர்க்கு இன்றியமையாதது.

பனைமரச் சாலையின் பின்னணி

ஊரின் தென்புறத்தில் சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்திற்கு இருமருங்கும் அரசப்பனை மரங்கள் ஓங்கி நிற்கும் சாலை ஒன்றுண்டு. துய்மனுவார் சாலை எனப்படும் அது, 19ஆம் நூற்றாண்டில் தோட்ட முதலாளி ஒருவரால் அமைக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் விரும்பிப் படமெடுக்கும் இடம் அது. 1960ஆம் ஆண்டு இலக்கியத்திற்கான நோபெல் பரிசு பெற்ற கவிஞர் சேன் ஜான் பெர்ஸின் குடும்பத்தோடு தொடர்புடைய புவா தெபூ தோட்டமும் இப்பகுதியிலேயே உள்ளது.

அம்மரங்கள் அழகுக்காக நடப்பட்டவை. ஆனால், அவ்வழகிற்குப் பொருள் தந்தது கரும்பு. கரும்பை வளர்த்தது அடிமைகளின் உழைப்பு. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794இல் ஒழிக்கப்பட்ட அடிமைமுறை 1802இல் இத்தீவில் மீண்டும் நிலைநாட்டப்பட்டது. 1848இல் அது முற்றாக ஒழிக்கப்பட்டபோது, விடுதலை பெற்றவர்களில் பலர் தம்மைத் துன்புறுத்திய தோட்டங்களை விட்டு விலகினர். அவர்களுக்கு நியாயமான கூலி கொடுப்பதைக் காட்டிலும் வேறிடத்திலிருந்து மலிவான உழைப்பைக் கொண்டுவருவதையே முதலாளிகள் விரும்பினர்.

பிரெஞ்சுக்காரர்களின் பார்வை தங்கள் ஆட்சியிலிருந்த புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களின் மீது விழுந்தது. 1854 டிசம்பர் 24ஆம் நாள் 'ஒரேலி' என்னும் கப்பல் முந்நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியர்களுடன் புவான்தப்பீத்ரை அடைந்தது. அன்று தொடங்கி 1889 வரை நாற்பத்திரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் குவாதலூப்பில் இறக்கப்பட்டனர். 1861இல் பிரித்தானியாவுடன் ஏற்பட்ட உடன்பாட்டிற்குப் பின் பிரித்தானிய இந்தியாவிலும் ஆள் சேர்க்க முடிந்தது. கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் வந்தன. எனினும், தென்னாட்டவர்களின் பண்பாட்டுச் சாயலே அங்கு மேலோங்கியது. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்பது ஏட்டளவில் இருந்த உறுதி. நோயாலும் கடும் உழைப்பாலும் மாண்டவர் ஏராளம். திரும்பியவர் ஒரு பகுதியினரே.

விடுதலை பெற்றவர்கள் கேட்ட கூலியைக் குறைப்பதற்கான கருவியாகவே இந்தியர்கள் பயன்படுத்தப்பட்டதால், இரு சாராரிடையே பகைமை மூண்டது. 'கூலி மலபா' என்னும் இழிசொல் அக்காலத்தின் எச்சமாகும். பகைமையை விதைத்தவர் யாரோ. அதன் சுமையைத் தாங்கியவர் இருபுறத்து ஏழைகளே. ஒரு காலத்தில் இழிவாகக் கருதப்பட்டவர்களின் குழம்பு இன்று அனைவரின் நாட்டு உணவாகியிருப்பதை இப்பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சொற்கள் சொல்லும் செய்தி

ஷாங்ஜி கோயிலின் இன்றைய தோற்றம் 1970களில் அமைந்தது. அதற்கு முன் தோட்டப்புறங்களில் இருந்தவை பெரும்பாலும் எளிய சிறு கோயில்களே. மாரியம்மனும் மதுரை வீரனும் இங்குள்ள வழிபாட்டின் முதன்மைத் தெய்வங்கள். நேர்த்திக்கடனாக ஆடும் சேவலும் பலியிடப்படுகின்றன. பலியிட்ட இறைச்சி குழம்பாகச் சமைக்கப்பட்டு வந்தோர் அனைவருக்கும் பரிமாறப்படுகிறது. வழிபடுவோரில் பலர் கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெற்றவர்கள். ஞாயிறன்று தேவாலயத்திற்குச் செல்வதையும் அம்மனுக்கு நேர்ந்துகொள்வதையும் அவர்கள் முரணாகக் கருதுவதில்லை.

பிரெஞ்சு அடிப்படையில் தோன்றிய கிரியோல் மொழியே இம்மக்களின் அன்றாடப் பேச்சுமொழி. ஆயினும், கோயிலைச் சார்ந்த சொற்கள் இன்றும் தமிழ்ச் சொற்களே. மாரியம்மன் 'மாலியெமேன்' ஆகிறாள். பூசாரி 'பூசாரி'யாகவே இருக்கிறார். தப்பு 'தப்பு'தான், மத்தளம் 'மத்தலோன்', தாளம் 'தாலோன்'. இராமாயண, பாரதக் கதைகளை ஆடிப்பாடும் கூத்திற்கு 'நாத்ரோன்' என்று பெயர். 'நாடகம்' என்பதன் திரிபு அது. கூத்தைக் கற்பிப்பவர் 'வாத்தியாலு'.

இத்திரிபுகளைச் சிதைவு என்று ஒதுக்கிவிடாமல் உற்றுநோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். ரகரம் லகரமாவதை மாலியெமேன், வாத்தியாலு ஆகிய இரண்டிலும் காண்கிறோம். அண்டைத் தீவான மார்த்தினிக்கில் மதுரை வீரன் 'மல்தெவிலேன்' எனப்படுவதும் இவ்வழியிலேயே. சொல்லின் இறுதியிலுள்ள 'அம்' என்பது 'ஓன்' அல்லது 'ஓம்' என ஒலிக்கிறது. பேச்சுத்தமிழில் 'மரம்', 'படம்' போன்ற சொற்களின் இறுதி மகரம் தனித்து ஒலிக்காமல் அதற்கு முந்திய உயிரை மூக்கொலியாக்கி ஓகாரச் சாயல் பெறச் செய்வதை நாம் அறிவோம். 'மத்தலோன்' அந்த ஒலியையே காட்டுகிறது. குடும்பப்பெயராகப் பதிவான 'சிதம்பரம்', பிரெஞ்சு எழுத்தில் 'சிதம்பரோம்' என அமைந்ததும் இதனாலேயே எனக் கொள்ளலாம்.

அவ்வாறே, 'வாத்தியாலு' என்பது எழுத்துத் தமிழின் 'வாத்தியார்' அன்று. பேச்சில் ஈற்றில் உகரம் பெற்று வரும் 'வாத்தியாரு'. 'கொலொம்போ' என்பதும் எழுத்திலுள்ள 'குழம்பு' அன்று. வீட்டில் நாம் சொல்லும் 'கொழம்பு'. சொல்லின் முதலிலுள்ள உகரம் பேச்சில் ஒகரமாவதை அது அப்படியே காத்து வைத்துள்ளது.

இதிலிருந்து அறியத்தக்க உண்மை ஒன்றுண்டு. இத்தீவிற்குச் சென்றது ஏட்டுத் தமிழன்று. வயலிலும் அடுப்பங்கரையிலும் வழங்கிய மக்கள் தமிழ். 19ஆம் நூற்றாண்டில் எளிய மக்கள் எவ்வாறு பேசினார்கள் என்பதற்குத் தமிழகத்தில் எழுத்துச் சான்றுகள் குறைவு. கடல் கடந்த ஒரு தீவில் பிரெஞ்சு எழுத்தர்கள் தம் செவியில் விழுந்தவாறு எழுதி வைத்த பெயர்களும், மொழியறியாத பேரப்பிள்ளைகள் செவிவழி காத்த சொற்களும் அச்சான்றை நமக்குத் தருகின்றன. அங்குள்ளவர்கள் தமிழைப் பிழையாகச் சொல்கிறார்கள் என்று நகைக்கும் பயணி, தன் பாட்டனின் குரலையே கேட்டு நகைக்கிறார் எனலாம்.

நாகூரின் நிழல்

கோயில்களின் அருகே உயர்ந்த மூங்கிற் கம்பங்களில் கொடிகள் பறப்பதைக் காணலாம். அவை 'நாகுமீலா'வுக்கு உரியவை. நாகூரில் அடங்கியுள்ள சாகுல் அமீது ஆண்டவரை, நாகூர் மீரான் என்று நம் மக்கள் அழைத்த பெயர் இவ்வாறு உருமாறியுள்ளது. இங்கும் ரகரம் லகரமாகியிருப்பதைக் கவனிக்கலாம். இசுலாமியப் பெரியார் ஒருவர் இந்துக் கோயில் வழிபாட்டில் இடம்பெற்றது எவ்வாறு என்ற வினாவிற்குக் காரைக்காலே விடையளிக்கிறது. காரைக்காலுக்கு மிக அருகில் உள்ள ஊர் நாகூர். கடலோடிகளைக் காக்கும் பெரியார் என்ற நம்பிக்கை சமய வேறுபாடின்றி அக்கரையெங்கும் பரவியிருந்தது. பல வாரங்கள் நீண்ட கடற்பயணத்தில் இந்துத் தொழிலாளர்களும் அவரையே வேண்டியிருப்பர்.

சிங்கப்பூரில் தெலுக் ஆயர் சாலையிலும் பினாங்கிலும் நாகூர் ஆண்டவர் பெயரால் எழுந்துள்ள நினைவில்லங்கள் நமக்கு அறிமுகமானவை. அவற்றை எழுப்பியவர்களும் குவாதலூப்பில் கொடியேற்றியவர்களும் ஒரே கரையிலிருந்து எதிரெதிர்த் திசைகளில் புறப்பட்டவர்கள். ஒரே நம்பிக்கையை நம்மவர்கள் கட்டடமாக்கினர், அவர்கள் கொடியாக்கினர். தோட்டத் தொழிலாளிக்கு மூங்கிலும் துணியும்தான் கைக்கெட்டியவை.

வாக்குரிமையும் மொழியும்

காப்பெஸ்தேர் என்றதும் மறவாமல் குறிப்பிடவேண்டிய பெயர் ஆன்ரி சிதம்பரம். 1863இல் இவ்வூரில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த இவர், தம் மக்களின் குடியுரிமைக்காக நீண்ட சட்டப்போராட்டம் நடத்தியவர். குவாதலூப்பிலேயே பிறந்த இந்தியப் பிள்ளைகளையும் அந்நியராகவே கருதியது குடியேற்ற நிர்வாகம். அவர்கள் பிரித்தானியப் பேரரசின் குடிகள் என்பது அதன் வாதம். வாக்காளர் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை என்று மறுக்கப்பட்டதை எதிர்த்து 1904இல் சிதம்பரம் வழக்காடத் தொடங்கினார். அவ்வழக்கு முடிவடைய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 1923இல் இந்திய வழித்தோன்றல்களின் பிரெஞ்சுக் குடியுரிமை ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1952இல் அவர் மறைந்தார்.

சிதம்பரம் தம் வழக்கைப் பிரெஞ்சு மொழியில், பிரெஞ்சுச் சட்டத்தைக் கொண்டு, பிரெஞ்சுக் குடியரசின் கொள்கைகளை எடுத்துக்காட்டி நடத்தினார். வேறு வழியில் வென்றிருக்க முடியாது. ஆயினும், குடியுரிமைக்கு வழிவகுத்த அதே குடியரசின் பள்ளியில் பிரெஞ்சைத் தவிர வேறு மொழிக்கு இடமிருக்கவில்லை. பிள்ளைகள் முன்னேறும் வழி பிரெஞ்சாயிற்று. விளையாடும் மொழி கிரியோலாயிற்று. தமிழ் பூசாரியிடமும் வாத்தியாரிடமும் ஒதுங்கியது. இதற்காகச் சிதம்பரத்தையோ அவர்தம் தலைமுறையையோ குறைகூறுதல் பொருந்தாது. வாக்கில்லாதவர்க்கு முதலில் தேவைப்பட்டது வாக்கே.

பிற்காலத்தில் சேன் பிரான்சுவா ஊரில் பிறந்த எர்னெஸ்ட் முத்துசாமி எழுத்தாளராகவும் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். புவியியலறிஞர் சிங்காரவேலு 1975இல் குவாதலூப் இந்தியர்களைப் பற்றிய ஆய்வு நூலை வெளியிட்டார். 2004இல் முதல் கப்பல் வந்து 150 ஆண்டுகள் நிறைவுற்றது தீவில் பெரிய அளவில் நினைவுகூரப்பட்டது. இந்திய மொழிகளையும் நடனத்தையும் கற்பிக்கச் சங்கங்களும் தோன்றின. இவை அனைத்தும் இழந்ததை உணர்ந்த பின் எடுக்கப்பட்ட முயற்சிகள்.

மலாயாவோடு ஓர் ஒப்பீடு

அதே காலத்தில், அதே மாவட்டங்களிலிருந்து, அதே நிலையிலிருந்த மக்கள் மலாயாவிற்கும் வந்தனர். அங்கே மொழி மறைந்தது; இங்கே நிலைத்தது. இதற்கு மக்களின் மொழிப்பற்றில் இருந்த ஏற்றத்தாழ்வைக் காரணமாகக் கூறுவது எளிது. ஆனால், அது உண்மையாகாது. மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, போக்குவரவு. குவாதலூப்பிற்குக் கப்பல்கள் 1889உடன் நின்றுபோயின. அதற்குப் பின் புதிய பேச்சோ, புதிய நூலோ, புதிய மணமகளோ ஊரிலிருந்து வரவில்லை. மலாயாவில் 1910இல் ஒப்பந்தமுறை ஒழிக்கப்பட்ட பின்னரும் கங்காணி முறையில் 1938 வரை ஆட்கள் வந்துகொண்டிருந்தனர். ரஜுலா கப்பலும் பின்னர் சிதம்பரம் கப்பலும் நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்ததை மூத்த தலைமுறையினர் நன்கறிவர். அங்கே சிதம்பரம் என்பது உரிமைக்குப் போராடியவரின் பெயர்; இங்கே அது உறவைச் சுமந்துவந்த கப்பலின் பெயர்.

இரண்டாவது, பள்ளி. மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்கவேண்டும் என விதித்தது. அப்பள்ளிகள் பலவும் ஒழுகும் கூரையும் ஓராசிரியரும் கொண்டவையே. தொழிலாளியின் பிள்ளையைத் தோட்டத்திலேயே நிறுத்திவைக்கும் உள்நோக்கமும் அவற்றில் இருந்தது. ஆயினும் அவற்றில் தமிழ் எழுத்து கற்பிக்கப்பட்டது. குவாதலூப்பில் அவ்வளவுகூட இல்லை. எழுத்தை இழந்த மொழி மூன்றாம் தலைமுறையில் பாட்டாகவும் மந்திரமாகவும் மட்டுமே எஞ்சியது.

மூன்றாவது, தொகை. சிறு தீவில் பல தோட்டங்களில் சிதறிக்கிடந்த சில ஆயிரம் குடும்பங்கள், பத்திரிகையோ பதிப்பகமோ நடத்தும் அளவிற்குத் திரளவில்லை.

இவ்வொப்பீட்டிலிருந்து நாம் பெருமைக்குரிய காரணத்தைக் காட்டிலும் எச்சரிக்கைக்குரிய காரணத்தையே பெறுகிறோம். மொழியைக் காத்தது நம் குருதியன்று. கப்பலும் பள்ளியும் ஏடும் ஆகும். அவை இல்லையாயின் நமக்கும் குழம்பும் கோயிலும் மட்டுமே எஞ்சும்.

மலையும் மண்ணும்

ஊரைக் கடந்து தெற்கே சென்று மலைப்பாதையில் ஏறினால் கார்பே அருவிகளை அடையலாம். 1467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலையின் சரிவில் பிறக்கும் ஆறு மூன்று இடங்களில் அருவியாக விழுகிறது. அவற்றுள் இரண்டு நூறு மீட்டருக்கும் மேல் உயரமுடையவை. மழைக்காடும் மூடுபனியும் சூழ்ந்த அக்காட்சி காண்பவரை மெய்மறக்கச் செய்வதாகும்.

ஆனால், அருவியிலிருந்து இறங்கும் வழியில் இருமருங்கும் விரியும் வாழைத்தோட்டங்களில் வேறொரு வரலாறு புதைந்துள்ளது. 20ஆம் நூற்றாண்டில் இப்பகுதியில் கரும்பின் இடத்தை வாழை பெருமளவிற்குப் பிடித்தது. வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டை அழிக்க 1972 முதல் 1993 வரை 'குளோர்தெக்கோன்' என்னும் பூச்சிக்கொல்லி மண்ணில் இடப்பட்டது. அமெரிக்காவில் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் நஞ்சேறிப் பாதிக்கப்பட்டதால் 1975இலேயே அதன் உற்பத்தி அங்கு நிறுத்தப்பட்டது. பிரான்சில் 1990இல் தடை வந்த பின்னரும் இத்தீவுகளுக்கு மட்டும் 1993 வரை விலக்களிக்கப்பட்டது. எரிமலை மண்ணில் ஒட்டிக்கொண்ட அந்நஞ்சு நூற்றாண்டுகள் கடந்தும் நீங்காது எனப்படுகிறது. குவாதலூப், மார்த்தினிக் மக்களில் வயதுவந்தோரில் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் குருதியில் அது காணப்படுவதாக 2013-14ஆம் ஆண்டு மாதிரிகளைக் கொண்ட அரசு ஆய்வு கூறியது. 2023 ஜனவரியில், குற்றவியல் வழக்கை விசாரணைக்கு அனுப்பாமல் பாரிஸ் நீதிபதிகள் முடித்துவைத்தது தீவில் பெருங்கொந்தளிப்பை உண்டாக்கியது.

மரத்தில் உயரத் தொங்கும் வாழைப்பழத்தைவிட மண்ணுக்குள் விளையும் கிழங்குகளையே இந்நஞ்சு மிகுதியாகப் பற்றுகிறது. ஆகவே, சந்தையில் சேப்பங்கிழங்கு வாங்குபவர் அது எந்த நிலத்தில் விளைந்தது என்று கேட்பது வெறும் பேச்சன்று. ஏற்றுமதிக்கான பழம் தப்பியது; ஏழையின் கிழங்கு நஞ்சானது. மலேசியத் தோட்டங்களில் களைக்கொல்லி தெளித்த நம் பெண்களின் நிலையை அறிந்தவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். அவர்கள் தெளித்த பேராகுவாட், நீண்ட போராட்டத்திற்குப் பின் 2020இல்தான் மலேசியாவில் தடைசெய்யப்பட்டது.

முடிவுரை

காப்பெஸ்தேருக்குச் செல்லும் தமிழர் அங்கே தமிழ் பேசுவோரைத் தேடினால் ஏமாற்றமே எஞ்சும். குழம்பின் பெயரையும், மத்தளத்தின் ஓசையையும், நாகூர்க் கொடியையும், பதிவேட்டில் உறைந்த பெயர்களையும் தேடினால் வியக்கத்தக்க செல்வம் கிட்டும். அவை, தம் பெயரைக்கூட எழுதத் தெரியாமல் கப்பலேறியவர்கள் விட்டுச்சென்ற மொழி ஆவணங்கள்.

நாத்ரோன் கூத்தின் பாடல்களைப் பொருள் அறியாமல் மனப்பாடமாகக் காத்துவரும் முதியவர்கள் குறைந்துவருகிறார்கள். பொருளை அறிந்து சொல்லக்கூடிய நாம் அவற்றைக் கேட்கவில்லை. காத்து வைத்திருக்கும் அவர்களுக்குப் பொருள் சொல்ல யாருமில்லை. நம் பல்கலைக்கழகங்களின் இந்திய ஆய்வியல் துறைகள் பிரெஞ்சு அறிந்த ஆய்வாளர்களுடன் இணைந்து அப்பாடல்களைப் பதிவுசெய்து, மூலத்தை இனங்கண்டு, பொருளுரைத்து அம்மக்களிடமே திருப்பியளிப்பது செய்யத்தக்க பணியாகும். அது அவர்களுக்குச் செய்யும் உதவி மட்டுமன்று. எழுத்தில் இடம்பெறாத நம் முன்னோரின் பேச்சை மீட்டெடுக்கும் முயற்சியும் அதுவே.